இமாமின் முழங்கால்

மகனே, ஸலாம். நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவதுகூட எனக்குக் கேட்கிறது. அப்படியிருந்தும் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாளே இந்த உம்மா என்று நீ சிரிப்பாய். சிரி. நேரில் சொல்ல வந்தால் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று தலையாட்டிவிட்டு உன் பாட்டுக்குப் போய்விடுவாய். கடிதத்திடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. நாளைக் காலை நீ மன்னாருக்குப் போகிறாய். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது நாங்கள் உடுத்த உடுப்போடு விட்டு வந்த ஊருக்கு, யுத்தம் முடிந்த பிறகு எங்கள் சனத்தில் கொஞ்சப் பேர் திரும்பிப் போனார்கள். கூரையில்லாமல் கிடந்த பள்ளிவாசலைக் கட்டி எழுப்பினார்கள். அந்தப் பள்ளியில் முதன்முதலாக நடக்கப்போகும் நோன்பு மாதத்து இரவுத் தொழுகையான தராவீஹுக்கு இமாமாக நிற்க உன்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தளக் கரையில் குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்களுக்குப் பஞ்சமா? எத்தனையோ பேர் இருக்க, என் மகனைக் கேட்டிருக்கிறார்கள். பெருமை கூடாது, அடக்கமாக இருங்க உம்மா என்று நீ சொல்வாய். நான் அடக்கமாக இருந்து பார்த்தாயிற்று. இன்றைக்கு வயிறார ஒரு பாட்டம் பெருமையடித்துவிட்டுத்தான் படுப்பேன்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு உன் பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லத்தான் வேண்டும். உன் இடது முழங்காலின் சில்லு முதன்முதலாக விலகியது உப்பளத்தில். நீ அப்போது மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தாய், மீசை அரும்பவில்லை. விடுமுறைக்கு வந்த நீ வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோனாய். பாத்தி வரம்பில் கால் சறுக்கியது. பாதம் சேற்றில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் மறுபக்கம் திரும்பியது. முழங்காலுக்கு முன்னால் இருக்க வேண்டிய சில்லு வெளிப்பக்கமாகப் போய், தோலுக்குள் ஒரு கட்டிபோலத் துருத்திக்கொண்டு நின்றதாம். வாப்பா பயந்துபோய் உன் காலைப் பிடித்து மெல்ல நீட்ட, அது தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்ததாம். சோற்றையும் கொட்டிவிட்டு, காலையும் இழுத்துக்கொண்டு நீ வீட்டுக்கு வந்த கோலத்தை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சில்லுக்கு ஊர் சுற்றும் பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸால் இறங்கும்போது ஒரு தரம், கிணற்றடியில் வாளியோடு திரும்பும்போது ஒரு தரம் என்று நினைத்த நேரம் விலகும். நாங்கள் இருக்கும் இந்தக் கரைத்தீவில் வைத்தியம் சொல்லாத வாயே இல்லை. ஒருத்தி எண்ணெய் சொன்னாள், ஒருத்தி கட்டுச் சொன்னாள், ஒருத்தி கண்ணூறு என்றாள். எல்லாவற்றையும் செய்தோம். சில்லு யாருடைய சொல்லையும் கேட்கவில்லை.

இதற்கிடையில் நீ ஹாபிழ் ஆனாய். முழு ஓதலையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தாய். எங்கள் பள்ளியில் தராவீஹ் தொழுவிக்க உன்னை நிறுத்தினார்கள். அந்த மாதம் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நான் நிமிர்ந்து நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த நாள் வந்தது. புதிதாக விரித்த தடித்த கம்பளம். நீ நின்று நீளமாக ஓதிக்கொண்டிருந்தாய். ஒலிவாங்கி சரியப் பார்த்தது. அதைப் பிடிக்க நீ இலேசாகத் திரும்பினாய். பாதம் கம்பளத்தில் ஊன்றி நிற்க, முழங்கால் திரும்ப, சில்லு வெளியே போய்விட்டது. நீ அப்படியே தரையில் விழுந்தாய்.

இனித்தான் கதை. நம்முடைய ஓதலில் சில வசனங்கள் உண்டு. அவற்றை ஓதியவுடன் இமாம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்லி, நின்ற நிலையிலிருந்து நேராகச் சுஜூதுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைப்பார். பின்னால் நிற்கிறவர்களும் அவரோடு போக வேண்டும். நீ கீழே போனதை முன்வரிசை கண்டது. அந்த வசனம் வந்துவிட்டதாக்கும், பிள்ளை தக்பீர் சொல்ல மறந்துவிட்டானாக்கும் என்று நினைத்து அவர்களும் சுஜூதுக்குப் போனார்கள். முன்வரிசையைப் பார்த்து அடுத்த வரிசை போனது. ஆண்கள் போன சத்தத்தைக் கேட்டுத் திரைக்குப் பின்னால் நாங்களும் போனோம். ஒரு பள்ளி நிறைந்த சனம் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு, எழும்பச் சொல்லி இமாம் தக்பீர் சொல்வார் என்று காத்துக் கிடந்தது. இமாமோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் மகன் எவ்வளவு நீளமாகச் சுஜூது செய்கிறான், என்ன பக்தி என்று உருகிப்போய் உனக்காக துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு நல்ல பெண் கிடைக்க வேண்டும் என்றுகூடக் கேட்டு முடித்தேன். கடைசியில் உனக்கு நேர்பின்னால் நின்ற, பாங்கு சொல்லும் மோதினார் முனகலைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துக் கத்தினார். நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு நீ சொன்ன மறுமொழி எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும்தான்.

"கதைச்சா தொழுகை முறிஞ்சிடுமே உம்மா" என்றாய்.

அடுத்த நாள் முதல் வேறொரு ஹாபிழ் வந்தார். பள்ளித் தலைவர் ஹாஜியார் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே கதைத்தார். நல்ல மனிசன்தான். உனக்கு நோவக்கூடாது என்று சுற்றி வளைத்துச் சொன்னார்.

"மகன், உங்கட ஓதலில ஒரு குறையும் இல்ல. ஆனா நடுவில விழுந்திட்டா சனம் என்ன செய்யும்? கொஞ்சக் காலம் கதிரையில இருந்து தொழுங்க. இமாமத்தப் புறகு பார்ப்பம்."

"விழுந்தது அவன்ட கால், ஹாஜியார். ஓதல் விழல்லயே!" என்றேன் நான். வாப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

கதிரையில் இருந்து தொழுகிறவருக்கும் மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று மவ்லவிமார் சொன்னார்கள். சனத்தின் மனதில்தான் இடம் இருக்கவில்லை. நீ வரிசையின் ஓரத்தில், வயது போனவர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றில் இருந்து தொழத் தொடங்கினாய். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, ஒரு பக்கம் பல் விழுந்தவர், மறுபக்கம் காது கேளாதவர். நீ ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஓதுவதைக் குறைத்துவிட்டாய். விடியற்காலையில் உன் குரல் கேட்டுத்தான் நான் அடுப்பு மூட்டுவேன். அந்தக் குரல் மெல்ல மெல்ல நின்றுபோனது. அதுதான் என்னைக் கொன்றது. கால் நொண்டினால் நொண்டட்டும், என் பிள்ளையின் நெஞ்சுக்குள் இருப்பது வாடிப்போகக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம் ஏறியது. மறு கிழமையே உன்னையும் வாப்பாவையும் இழுத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறினேன்.

எலும்பு டொக்டர் ஒரு பெண் என்றதும் வாப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நீயும் நானும் கண்ணால் சிரித்துக்கொண்டோம். அவர் சிங்களத்தில்தான் கதைத்தார். எனக்குச் சந்தைச் சிங்களம் போதும், விளங்காத இடத்தை நீ சொன்னாய். முழங்காலை எடுத்த எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சில்லு ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் ஓட வேண்டும். அது வெளியே சரிந்து விடாமல் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிற நார் ஒன்று இருக்கிறது. உனக்கு அந்த நார் அடிக்கடி அறுந்து அறுந்து தொய்ந்துபோயிற்று. தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு தசைநாரை எடுத்துப் புது நாராகக் கட்டலாம். அது போதாவிட்டால், முழங்காலுக்குக் கீழே, சில்லின் தசைநார் போய்ப் பிடிக்கும் எலும்பை வெட்டி, கொஞ்சம் உள்பக்கம் தள்ளி வைத்து, ஆணி பூட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றியது. ஆணி பூட்டினால் முழங்காலை ஊன்றுவது வலிக்கும், கதிரையில் இருந்து கும்பிடலாம்தானே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாங்கள் தொழுவதை அவர் எங்கே கண்டார்?

நீ தலையைக் குனிந்துகொண்டாய். வாப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. தாதிப் பிள்ளையிடம் ஒரு கட்டில் விரிப்பைக் கேட்டு வாங்கி, அந்த அறையின் தரையில் விரித்து, டொக்டர் அம்மா, இங்கே பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தொழுது காட்டினேன். நின்றேன், குனிந்தேன், நிமிர்ந்தேன், முழங்காலை ஊன்றி நெற்றியைத் தரையில் வைத்தேன், காலை மடித்துக் குதிகாலில் இருந்தேன், மறுபடி நெற்றியை வைத்தேன், எழும்பினேன். என் மூட்டுகள் போட்ட சத்தத்தில் தாதிப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் குந்தி இருந்து, இன்னொரு தரம், மெதுவாக என்றார். நான் மறுபடி செய்ய, தரையில் என் முழங்காலின் எந்த இடம் படுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தார். ஓரிரவில் இப்படி எத்தனை தரம் என்று உன்னைக் கேட்டார். நீ கணக்கைச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அவர் படங்களைத் திரும்ப எடுத்து, அடிமட்டம் வைத்து அளந்தார். உன் எலும்பின் விலகல் இரண்டும் கெட்டான் நிலையில் இருக்கிறது, நார் மட்டுமே போதுமாயிருக்கவும் கூடும், ஆனால் காலை விறைக்கவைத்து, கட்டி, மடித்து நீட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு, முன்கூட்டி வாக்குத் தர மாட்டேன் என்றார். வாக்கு வாங்காமல் எழும்புவதில்லை என்று நான் இருந்தேன். நீ குறுக்கே விழுந்து, உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் டொக்டர் என்று சொல்லிவிட்டாய். மேசைக்குக் கீழே உன்னை நான் கிள்ளியது அதற்குத்தான். இப்போது சொல்கிறேன், அன்று நீ என்னைவிடப் பெரிய மனிதனாக இருந்தாய்.

சத்திர சிகிச்சை நாள். நீ சக்கரக் கட்டிலில் உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, "உம்மா, இங்க ஆருக்கும் தொழுது காட்டாம இருங்க" என்று பகிடி விட்டாய். கதவு மூடியது. வாப்பா நடையில் மேலும் கீழும் நடந்தார். நான் கதிரையில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டினேன். என் கேள்வி ஒன்றுதான். ஆணி உண்டா, இல்லையா? கடைசியில் டொக்டர் தலையில் நீலத் தொப்பியோடு வெளியே வந்தார். நேரே என்னிடம் வந்தார்.

கீழ் எலும்பைத் தொடவே இல்லை என்றார். புது நாரைக் கட்டிவிட்டு, காலை முழுவதும் மடித்தேன், நீட்டினேன், திருப்பினேன், சில்லு தன் பாதையை விட்டு அசையவில்லை என்றார். இடுப்புக்குக் கீழே மட்டும் விறைத்திருந்ததால் நீ விழித்திருந்து முழு நேரமும் மெல்ல ஓதிக்கொண்டே கிடந்தாயாம். உள்ளே எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தார்களாம். நான் அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்ததில் அவருடைய மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. வாப்பா ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தார். பெண் டொக்டரா என்று முகம் சுளித்த அதே மனிசன், ஊருக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் அவரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார்.

ஆனால் வெட்டித் தைத்ததோடு வேலை முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் உன்னுடையவை. தொடை மெலிந்து என் கைக்குள் அடங்கும்போல ஆகிவிட்டது. பயிற்சி தந்த தம்பி சொன்னபடி காலைத் தூக்கினாய், இறக்கினாய், வியர்த்துக் கொட்டினாய். மடக்குவதில்தான் சிக்கல். ஒரு மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுவாய். வலியால் நிற்கவில்லை, பயத்தால் நின்றாய். சில்லு திரும்ப ஓடிவிடுமோ என்ற பயம். நான் போட்ட சத்தத்துக்கு அந்தப் பயம் இன்னும் கூடியது. வாப்பா சத்தம் போடவில்லை. உப்பளத்திலிருந்து வெறும் சாக்குகளைக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்து, மடித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். காலை மடித்து அந்த அடுக்கின் மேல் இரு என்றார். இருக்கப் பழகியதும் ஒன்றை உருவினார். அதில் பழகியதும் இன்னொன்று. ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், நீ முகம் கழுவப் போன நேரத்தில் உனக்குத் தெரியாமல் ஒன்றை உருவிவிட்டேன். நீ வந்து வழக்கம்போல இருந்து எழும்பினாய், ஒன்றும் தெரியவில்லை. நான் கைகொட்டிச் சிரித்ததும் உனக்குக் கோபம் வந்தது. பயிற்சித் தம்பியிடம் போய்க் கோள் சொல்லி எனக்கு ஏச்சும் வாங்கித் தந்தாய். பரவாயில்லை. கடைசிச் சாக்கும் போய், வெறும் பாயில் உன் குதி உன் உடம்பைத் தொட்ட அன்று நீ குலுங்கிக் குலுங்கி அழுதாய். மறுநாள் விடியற்காலையில் உன் ஓதல் கேட்டது. நான் அடுப்பை மூட்டாமல் அப்படியே இருந்து கேட்டேன்.

அடுத்த நோன்புக்கு ஹாஜியாரிடம் நீயே போய்க் கேட்டாய். அவர் தயங்கித் தயங்கி ஒரே ஒரு நாள் தந்தார், அதுவும் மற்ற ஹாபிழ் உனக்கு நேர்பின்னால் தயாராக நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு ஓத வேண்டிய பங்கில் அந்தச் சுஜூது வசனம் ஒன்று இருந்தது. மற்ற ஹாபிழ் நல்ல பிள்ளை, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வோமா என்று உன்னைக் கேட்டார். வேண்டாம் என்றாய். எனக்கு அது தெரிய வந்தது பள்ளிக்குப் போகும் வழியில். 

வசனம் வந்தது. நீ ஓதி முடித்தாய். மணிபோல, தெளிவாகத் தக்பீர் சொன்னாய். நின்ற நிலையிலிருந்து நேராகக் கீழே போனாய். பள்ளி முழுவதும் நின்றுகொண்டே இருந்தது! ஒருத்தரும் அசையவில்லை. பிள்ளை மறுபடி விழுந்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பின்னால் நின்ற ஹாபிழ் உன்னைத் தூக்க ஒரு காலை எடுத்து வைத்தாராம். திரைக்கு இந்தப் பக்கம் எனக்குப் பக்கத்தில் நின்றவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அவளுக்கு நான் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் என் தொழுகை முறிந்துவிடுமே. விழுகிறவன் அப்படித் தக்பீர் சொல்ல மாட்டான் என்பது எனக்குத் தெரியும். நான் போனேன். நெற்றியைத் தரையில் வைத்தேன். அந்தப் பக்கம் வாப்பாவும் அதே நேரம்தான் போனாராம். பிறகு ஒவ்வொருவராக, வரிசை வரிசையாக, சனம் இறங்கும் சத்தம் தரை வழியே என் நெற்றிக்குக் கேட்டது. நீ மறுபடி தக்பீர் சொல்லி, கையை ஊன்றாமல் எழும்பி நின்று, அடுத்த வசனத்தைக் குரல் பிசகாமல் தொடங்கினாய். அல்லாஹ்வே, அந்தக் குரல்! மிச்சத் தொழுகை முழுவதும் நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஆட்கள் உன்னை மொய்த்துக்கொண்டார்களாம். ஹாஜியார் உன் கையை விடாமல், "மகன், நாளைக்கும் நீங்கதான், நாளண்டைக்கும் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வாசலில் காத்து நின்ற என்னிடம் ஓடி வந்தாய். கால் எப்படி என்று நான் கேட்க வாயெடுக்க முன், "உம்மா, சரியான பசி" என்றாய். கஞ்சிச் சட்டியில் இருந்ததையெல்லாம் வழித்துத் தந்தேன்.

இப்போது நீ போகிறாய். உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சியை விடாதே, தொடை மெலிந்தால் சில்லுக்குத் திரும்பத் துணிச்சல் வரும். கிணற்றடியில் பார்த்துத் திரும்பு. அங்கே யாரும் கொடுக்கிற எண்ணெயைப் பூசாதே. அந்த ஊர்ச் சனத்துக்கு உன் முழங்காலின் கதை தெரியாது. நீ குனிந்தால் குனிவார்கள், எழும்பினால் எழும்புவார்கள். யாரும் உன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். உனக்கு நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ஊரில் எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது. எங்களை வெளியே போ என்ற மண்ணில் இனி என் நெற்றியை வைக்க மாட்டேன் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். திரும்பிப் போன சொந்தக்காரர்கள் கூப்பிட்டும் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஆனால் இந்த நோன்பின் கடைசிப் பத்து நாளில் வாப்பாவோடு பஸ் ஏறுகிறேன். பெண்கள் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் வைக்கச் சொல். நீ முன்னால் நிற்கிறாய் என்றால், என் நெற்றியை வைப்பேன்.

உன் உம்மா